சாவியை எடுத்த பிறகும்

"காலைத் தளர்த்துங்க அண்ணே" என்று டாக்டர் ருகையா மறுபடியும் சொன்னபோது, மனுஷன் தன் காலை எந்தப் பக்கம் திருகித் தளர்த்துவான் என்ற சந்தேகம் ஞானதுரைக்கு வந்தது. நட்டு என்றால் ஸ்பேனரை மாட்டி ஒரு திருப்பு. செயின் என்றால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும், தொட்டில் கயிறு மாதிரித் தொங்கிக்கொண்டு கிடக்கும். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் அவன் கடை வாசலில் வந்து நிற்கிற அத்தனை பைக்கிலும் ஸ்கூட்டரிலும் எது இறுகியிருக்கிறது, எது தொளதொளவென்று இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லுகிற கை அவனுடையது. இந்தக் கால் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து கூடவே வருகிற இடது கால். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில், முழங்காலுக்கு மேலே சுருட்டிய வேட்டிக்குக் கீழே, ஸ்பிரிட்டில் துடைத்த ஈரத்தோடு, யாரோ மறந்து விட்டுப்போன சாமான் மாதிரி அவனுக்குப் பின்னால் கிடக்கிறது. குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். தாடை தலையணையில். கண்ணுக்கு நேரே பச்சைத் திரை, திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அந்த இடைவெளியில் அவன் மனைவி புஷ்பக்கனியின் இரண்டு பாதங்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வேறு எதையும் பார்க்க வழியில்லை. காது மட்டும்தான் திறந்திருக்கிறது, அதுதான் கஷ்டம். ஏனென்றால் கால்மாட்டில் இருக்கிற மெஷினில் டிவி மாதிரி ஒரு திரையும் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்பீக்கரும் இருந்தன. முதலில் நரம்புக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்துப் பார்ப்பேன், அப்புறம் சதைக்குள்ளே மெல்லிசாக ஒரு ஊசியை இறக்குவேன், சதை பேசுறது ஸ்பீக்கர்ல கேக்கும், உங்களுக்கும் கேக்கும்ணே, பயப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் பயப்பட்டதே அந்த "உங்களுக்கும்" என்ற சொல்லுக்குத்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்து, பேரிங்கா வால்வா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற ஆள் அவன். ஒருநாளும் தப்பினதில்லை. டாக்டர் வாயைத் திறக்கும் முன்னே அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு திரைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவள் முகத்தை எப்படிப் பார்ப்பது.

அவளிடம் அவன் சொன்னது ஒரே வரி. காலில் ஒரு நரம்பு பிசகியிருக்கு, ஊசி போட்டா சரியாப் போகும். அவளும் சரி என்று டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கூட வந்துவிட்டாள். இப்போது அங்கே உட்கார்ந்து நர்ஸம்மாவிடம் திரைத் துணியை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். "இது எங்க எடுத்தது சிஸ்டர், சாயம் போகாதா." "ஆஸ்பத்திரித் துணி அக்கா. எங்கிட்டக் கேட்டா எனக்கென்ன தெரியும்." "இல்ல, அலசி அலசி இவ்வளவு கெட்டியா நிக்குதே. தையல் மெஷின் உறைக்கு ஆகும்லா." தைக்கிறவள் கண் எங்கே போனாலும் துணியில்தான் போய் ஒட்டும். ஞானதுரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் இறுகுமோ என்று அடக்கினான். அடக்கினதில் கால் இன்னும் இறுகியது. இந்தத் துடிப்பு தொடங்கினதும் இப்படி ஒரு சிரிப்பில்தான். ஒரு மத்தியானம் குத்தவைத்துக் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து டீக்கடை மாசானம் எட்டிப் பார்த்து, "ஏவே ஞானம், உம்ம காலுக்குள்ள எலி ஓடுது வே" என்றார். குனிந்து பார்த்தால் நிஜமாகவே ஓடியது. கெண்டைக்கால் சதையில் தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு குமிழ் எழும்பி, அடங்கி, இரண்டு விரல்கடை தள்ளி இன்னொன்று எழும்பியது. வலி இல்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். மாசானம் கையிலிருந்த டீயை அதன் நேராக நீட்டி, எலிக்கும் ஒரு வாய் கொடும் என்றார். அன்றைக்கு அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் விடியக்காலம் அதே காலில் குறக்களி இழுத்து, சதை தேங்காய் மாதிரி உருண்டு நின்று, அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டினான். அப்புறம் எலி தொடைக்குப் போயிற்று, புஜத்துக்குப் போயிற்று, ஒருநாள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கைக்கு வந்ததும் சிரிப்பு போயிற்று. போனைக் கையில் எடுத்து வாயருகே வைத்து, சதை துடிப்பு என்று சொல்லிவிட்டான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போன் தேடிக் காட்டிய வீடியோவில் வந்தவர்கள் எல்லாரும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள், எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள், அதனாலேயே பயமாக இருந்தது. நரம்பு தேய்ந்து சதை கரைந்து போகிற நோய் ஒன்று என்றார் ஒருவர். நரம்பு ஓய்வே இல்லாமல் சதையைத் தூண்டிக்கொண்டே இருக்கிற அபூர்வமான நோய் ஒன்று, அதில் சதை புழு மாதிரி நெளியும், இறுகப் பிடித்த கை சட்டென்று திறக்காது, சும்மா இருக்கும்போதே வியர்த்துக் கொட்டும் என்றார் இன்னொருவர். சித்திரை மாசத்துத் திருநெல்வேலியில் வியர்த்துக் கொட்டாத மனுஷன் யார் என்று அவன் அவரிடம் கேட்கவில்லை. சட்டையைப் பிழிந்து பார்த்தான். கை திறக்கிறதா என்று பார்க்க, ஸ்பேனரை இறுகப் பிடித்துப் பிடித்துப் பட்டென்று விட ஆரம்பித்தான். ரிட்டயர்டு பி.டி. வாத்தியார் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறவர், ஒரு தடவை விட்டது நேராக அவர் பாதத்தில். "என்னப்பா, சர்வீஸ் எனக்கா வண்டிக்கா" என்று அவர் காலைத் தூக்கிக்கொண்டு ஆட, ஞானதுரை மன்னிப்புக் கேட்டான், ஆனால் உள்ளுக்குள் கை திறந்துவிட்டது என்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரை நின்றது. சாயங்காலம் பழைய கிளட்ச் கேபிள் ஒன்றை எடுத்து இடது கெண்டையைச் சுற்றி அளந்தான், வலது கெண்டையைச் சுற்றி அளந்தான். இடது மெலிந்திருந்தது. ஒரு விரல் தடிமன் வித்தியாசம். திரும்ப அளந்தான். கேபிள் பொய் சொல்லாது. அன்றைக்குக் கடையை மூடும்போது ஷட்டரின் சத்தம் அவனுக்கு வேறு மாதிரிக் கேட்டது. கை போனால் கடை போகும், அதுகூடப் பெரிதில்லை, ஷட்டரை வேறு ஆள் வந்து தூக்குவான். கனியின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தவர். கல்யாணத்துக்கு முன்னாலும் அப்புறமும் அவருக்குக் கஞ்சியைக் கரண்டியில் ஊதி ஊதி ஊட்டினவள் அவள்தான். அவர் போன பிறகு ஒருநாள் அந்தக் கரண்டியை எடுத்துப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டு, இனிமே யாருக்கும் ஊட்டுத வேல நமக்கு இல்லப்பா என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் கையில் இன்னொரு கரண்டியைக் கொடுக்கவா தன் கால் இப்படி மெலிகிறது.

"கொஞ்சம் சுண்டும்ணே" என்றார் டாக்டர். முழங்காலுக்குப் பின்னால் மெஷினிலிருந்து வந்த இரண்டு குமிழ்கள் உட்கார்ந்தன. சுண்டினால் என்ன, பிளக் கேப்பைக் கையில் பிடித்துக்கொண்டே கிக்கரை உதைத்து வாங்காத ஷாக்கா என்று நினைத்து முடிக்கவில்லை, கால் தன்பாட்டுக்கு ஒரு உதை உதைத்தது. அவன் சொல்லி உதைக்கவில்லை. கட்டிலின் கம்பி கணீரென்றது. திரைக்கு அடியில் பாதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று இறங்கின. "என்னத்தான்" என்றாள் கனி. "ஒண்ணுமில்ல." "உதைக்காதீங்க, டாக்டர் பொம்பளப் பிள்ள." டாக்டர் சிரித்தார். மறுபடியும் ஒரு சுண்டு, மறுபடியும் ஒரு உதை. ஒவ்வொன்றுக்கும் பிறகு டாக்டர் சும்மா இருந்தார், அந்தச் சும்மா இருப்பதுதான் அவனைக் குடைந்தது. எதற்காகக் காத்திருக்கிறார். முதல் தடவை வந்தபோது அவர் விளக்கிச் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது அவர் நிறையச் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்கு இது சும்மா துடிப்பு, தூக்கக்குறைவு, டீ, வேலை அலுப்பு, பயம், எல்லாம் சேர்ந்து வரும், உங்க பலம் குறையல, உங்களப் பாத்தா எனக்கு மோசமா ஒண்ணும் தோணல என்று தொடங்கினார், அதெல்லாம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி உரிந்து போயிற்று. நடுவில் சொன்னது மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்த அபூர்வ நோயில, ஒரு தடவ கரண்ட் குடுத்து நிப்பாட்டின பிறகும் நரம்பு நிக்காம தானாத் தொடர்ந்து துடிச்சுக்கிட்டே இருக்கும்ணே, அதைத்தான் பாக்கணும். அதைக் கேட்டதும் அவன் கண்முன்னால் சர்ச் உபதேசியாரின் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்து நின்றது என்று சொல்லக்கூடாது, நிற்கவில்லை, அதுதான் கதை. கோயில் வாசலில் ஆராதனை தொடங்கப்போகிற நேரம், சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டு உபதேசியார் வெள்ளை அங்கியில் நிற்கிறார், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்றால் கத்துகிறது. உள்ளே கரி படிந்து கங்கு மாதிரி சிவந்து கிடந்தால், நெருப்புக்கு பிளக் தேவையில்லை, பெட்ரோல் தானாகப் பற்றும், சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உபதேசியார் சாவியைத் திரும்பப் போட்டுத் திரும்ப எடுத்தார். ஜனங்கள் விலகி நின்று பார்த்தார்கள். ஞானதுரை ஓடிப்போய்க் எஞ்சின் காற்றை இழுக்கிற வாயை உள்ளங்கையால் அடைத்தான், அது இரண்டு தரம் விக்கி அடங்கியது. அன்றைக்கு அவனுக்குக் கோயிலில் முன் பெஞ்சு கிடைத்தது. நரம்புக்கு எந்த வாயை அடைப்பது. கண்ணெதிரே பச்சைத் திரையில் பல்லி ஒன்று பாதி தூரம் ஏறி யோசித்துக்கொண்டிருந்தது. "நல்லா இருக்குண்ணே" என்றார் டாக்டர். எது நல்லா இருக்கிறது, கால் உதைத்ததா, உதைத்த பிறகு நின்றதா, கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள், "இப்ப ஊசி" என்றார்.

ஊசி ஒரு கட்டெறும்பு கடித்த மாதிரிதான். ஆனால் அது உள்ளே போன கணத்தில் ஸ்பீக்கர் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. அதைத் தொடர்ந்து கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் யாரோ சைலன்சர் இல்லாத புல்லட்டை முறுக்குகிற மாதிரி ஒரு இரைச்சல், அறையே நிரம்பியது. யாருடா இவன், ஆஸ்பத்திரியில் வந்து இப்படி முறுக்குகிறான், டைமிங் செயின் வேறு தொங்குகிறது என்று அவன் மனசு பழக்கதோஷத்தில் நோட்டம் பார்க்கப் போயிற்று. அப்புறம்தான் உறைத்தது. இரைச்சல் கீழேயிருந்து வரவில்லை. கால்மாட்டிலிருந்து வருகிறது. அவனே. அவன் கெண்டைக்கால். இத்தனை வருஷம் அடுத்தவன் வண்டியில் காது வைத்த ஆள், தன் சதையின் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்கிறான், அது ஒரு புல்லட் அளவுக்கு ஓடுகிறது. ஓடுகிறது, நிற்கவில்லை. சாவி எங்கே. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தலையணையில் விழுந்தது, வியர்வையும் வந்துவிட்டதா, அதுவும் சேர்ந்தாயிற்றா. "அண்ணே, காலை இறுக்கி வச்சிருக்கீங்க, அதான் இந்தச் சத்தம். மூச்ச விடுங்க. பாதத்தை எனக்குக் குடுத்துருங்க." அவர் பாதத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். ஒரு பெண் டாக்டர், தங்கச்சி வயசு இருக்கும், தன் பாதத்தைக் கையில் பிடித்திருக்கிறார் என்ற கூச்சத்தில் அவன் எதை விட்டான் என்று தெரியவில்லை, ஏதோ ஒன்றை விட்டான். இரைச்சல் குறைந்தது. புல்லட் மொபெட் ஆயிற்று, மொபெட் தையல் மிஷின் ஆயிற்று, தையல் மிஷின் ஒற்றைத் தையலாக டக், டக் என்று வந்து, ஓய்ந்தது. ஓய்ந்தே போயிற்று. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. லேசாக ஒரு காற்று, அவ்வளவுதான். அவன் காத்திருந்தான். வரவில்லை. உலகத்தில் எந்தச் சத்தத்தையும் அவன் சமாளிப்பான். கடகடவென்றால் செயின், கீச்சென்றால் பெல்ட், உறுமினால் சைலன்சர் ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கழற்றலும் மாட்டலும் உண்டு. சத்தமே இல்லாத எஞ்சினுக்கு என்ன செய்வது. கடைக்குச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிற வண்டி அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடும். சத்தமே இல்லாமல் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிதான் வாரக்கணக்கில் மூலையில் நிற்கும். செத்துவிட்டதா. அவ்வளவு சீக்கிரமா. இடது கெண்டை மெலிந்தது இதற்குத்தான், உள்ளே ஓட ஒன்றுமில்லை. பாதம் டாக்டர் கையில் கனமாகக் கிடந்தது. அவனுக்குக் கஞ்சி வாசம் வந்தது. நிஜமாகவே வந்தது, சீரகம் போட்ட கஞ்சி, யாரோ ஊதுகிற சத்தமும். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சரி, நானே சொல்லிவிடுவேன், டாக்டர் வாயால் அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தான்.

"டாக்டரம்மா" என்றான், குரல் தலையணைக்குள் போயிற்று. "நின்னு போச்சா." "என்னதுண்ணே." "சத்தம்." "ஆமா, நின்னுருச்சு, இதுக்குத்தான் இவ்வளவு பாடு." "அப்ப கால்." டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முதலில் சிரிக்கவில்லை, அது அவன் மனசில் நின்றது, பாதத்தைக் கட்டிலில் மெதுவாக வைத்துவிட்டுத்தான் சிரித்தார். "அண்ணே, வண்டி மாதிரி நினைச்சிட்டீங்களா. சும்மா கிடக்கிற சதை சும்மாதான் கிடக்கணும். ஒரு சத்தமும் வரக்கூடாது. நல்ல சதைக்கு அதான் அடையாளம். நான் பயந்த நோயா இருந்தா, நீங்க இப்படித் தளர்த்திப் போட்ட பிறகும் ஸ்பீக்கர் விடாது. ரெண்டு மூணு துடிப்பா கொத்துக் கொத்தா வரும், இல்லன்னா வீய்ங்குன்னு கிளம்பி உச்சத்துல போயி இறங்கும். உங்க கால்ல அது இல்ல." அவர் அந்த வீய்ங்கைச் சொன்ன விதம் கொசு பறக்கிற மாதிரி இருந்தது. ஞானதுரை இதுவரை இல்லாத ஒன்றைக் கேட்கக் காதைக் கூர்மையாக்கினான். அந்த வீய்ங்கு இல்லாமல்தான் இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தான். இருந்தது, இல்லாமல். அப்போது டப் என்று ஒன்று விழுந்தது. தகரத்தில் ஒரு மழைத்துளி. "இதா" என்றான். "இதேதான் உங்க எலி" என்றார் டாக்டர். மாசானத்தின் பேச்சை முதல் தடவை அவரிடம் சொல்லியிருந்தது அவனுக்கே மறந்திருந்தது. "தனியா வருது, தனியாப் போகுது, பின்னாடி யாரும் வரல. கெட்ட துடிப்புன்னா சதையும் தேய்ஞ்சிருக்கும், ஊசிக்கு அது வேற மாதிரித் தெரியும்." "தேய்ஞ்சிருக்கு டாக்டரம்மா. அளந்து பாத்தேன். வலதை விட இடது ஒரு விரல் கம்மி." "எதால அளந்தீங்க." "கிளட்ச் கேபிள்." "ஒரு நாளைக்கு எத்தனை வண்டி கிக்கர் உதைப்பீங்க." "அது கணக்கில்ல." "எந்தக் காலால." ஞானதுரை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பதினாறு வயசிலிருந்து வலது காலால் உதைத்து உதைத்து, அது பயில்வான் கால் ஆகியிருக்கிறது. மெலிந்தது ஒன்றுமில்லை, மற்றது தடித்தது. வண்டிக்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாந்திருக்க முடியாது, ஒரு வாத்தியார் ஏமாந்திருப்பாரா, ஒரு டீக்கடைக்காரர் ஏமாந்திருப்பாரா. காதில் ரத்தம் ஏறியது, வெட்கத்தில். வெட்கம் எவ்வளவு நல்லதாக இருந்தது. ஒரு மாசமாகப் பயத்தைத் தவிர வேறொன்றும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

இன்னும் இரண்டு இடத்தில் ஊசியை நகர்த்தினார். கையிலும் பார்த்தார், பிறகு ஒரு கடைசித் தடவைக்காகக் கெண்டைக்கே வந்தார். பாதத்தை அழுத்தச் சொன்னார், இரைந்தது, விடச் சொன்னார், அடங்கியது, இப்போது ஞானதுரைக்கு அதில் ஒரு குஷியே வந்துவிட்டது, ஆக்சிலேட்டர் கொடுத்து விடுகிற மாதிரி. "பலம் குறையுற மாதிரி, செருப்பு நழுவுற மாதிரி, சதை நிஜமா மெலியுற மாதிரி இருந்தா உடனே வாங்க. கேபிள வச்சு அளக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "ரத்தத்துல ரெண்டு மூணு சத்துப் பாத்துக்குவோம். டீயக் குறைங்க. நேரத்துக்குத் தூங்குங்க. ஒரே ஒரு கேள்வி பாக்கி. தூங்கும்போதும் இது துடிக்குதா, இல்ல நின்னுருதா. நான் சொன்ன நோயில தூக்கத்துலயும் ஓயாது." ஞானதுரை வாயைத் திறந்தான். இது என்ன கேள்வி. தூங்குகிறவனிடம் தூக்கத்தைப் பற்றி எப்படிக் கேட்பது, கடையை மூடிவிட்டுப் போனவனிடம் உள்ளே வெளிச்சம் எரிகிறதா என்று கேட்கிற மாதிரி. திரைக்கு அந்தப்பக்கம் நர்ஸம்மாவோடு நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. பாதங்கள் செருப்பைத் தேடாமல் தரையில் ஊன்றி எழுந்தன. "நின்னுரும் டாக்டர்" என்றாள் புஷ்பக்கனி. "அத்தான் அசந்து தூங்க ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே இருக்காது. பூனக்குட்டி மாதிரிக் கிடக்கும் கால். முழிப்பு தட்டுற நேரம்தான் திரும்பத் தொடங்கும்." "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்." "கையை வச்சிருப்பேன்லா."

ஸ்பீக்கர் இரைந்தது. ஊசி இன்னும் காலில்தான் இருந்தது. டாக்டர் "காலை" என்று தொடங்கிவிட்டு, மேலே சொல்லாமல், கையை நீட்டி ஒரு பொத்தானைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். கனி திரையை விலக்கி உள்ளே வந்திருந்தாள். "நீ எதுக்குக் கையை வச்ச" என்றான் ஞானதுரை, முகத்தைத் திருப்பாமல். "நீங்க எதுக்குச் சொல்லல." "நரம்பு பிசகுன்னு சொன்னேனே." "டாக்டர், நீங்களே கேளுங்க. இந்த மனுஷன் போன மாசம் முழுக்க எனக்குப் பாடம் எடுத்தாங்க. மோட்டாருக்கு ப்யூஸ் போடச் சொல்லித் தந்தாங்க. கேஸ் சிலிண்டர் மாட்டச் சொல்லித் தந்தாங்க. மேல் தொட்டி வால்வு எந்தப் பக்கம் திருப்பணும்னு ரெண்டு தரம் ஏணியில ஏத்திக் காமிச்சாங்க. காரணமில்லாம ஒருத்தன் பொண்டாட்டிக்கு ப்யூஸ் போடச் சொல்லிக் குடுப்பானா. ஏதோ பெருசா நினைச்சுப் பயந்து கிடக்காங்கன்னு அப்பவே புரிஞ்சு போச்சு. சரி, அவங்களாச் சொல்லட்டும், அதுவரைக்கும் நாம காவல் இருப்போம்னு இருந்தேன்." "கையை வச்சுகிட்டா." "பின்ன. எங்க அப்பாவுக்கு ஊட்டினப்ப அவரு வாயத் திறன்னா திறப்பாரு. நீங்க திறப்பீங்களா. உப்பு இல்ல, புளி இல்லன்னு துப்புவீங்க. உங்களுக்கு வந்தா நான் எங்க போவேன்." டாக்டர் சிரிப்பை மூக்குக்குள்ளே அடக்குகிற சத்தம் கேட்டது. ஞானதுரைக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. எத்தனை நாள் அவள் விழித்துக் கிடந்தாள் என்று கேட்க வேண்டும். கேட்டால் அவள் கணக்குச் சொல்லிவிடுவாள். தான் அசந்து தூங்கின நேரமெல்லாம் அந்தக் கை அங்கே இருந்திருக்கிறது, தனக்குத் தெரியாமல், தன் காலில், அவன் போட்ட அத்தனை கணக்கிலும் அந்தக் கை இல்லை. "அந்தச் சத்தம் எனக்கும் ஒரு தரம் கேக்கணும் டாக்டர்" என்றாள் கனி. "கையிலதான் தெரியும், காதுல கேட்டதில்ல." டாக்டர் சத்தத்தைக் கூட்டினார். "அண்ணே, சும்மா படுங்க." மூன்று பேரும் காத்திருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது அவனுக்குப் பார்க்காமலே தெரிந்தது. வரவில்லை. ஒரு மாசமாக வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் வந்தது, பெண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்கிறாள், வரவில்லை. ஸ்பீக்கரில் லேசான அந்தக் காற்று மட்டும். ஜன்னலுக்குக் கீழே யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், அது எந்த வண்டி என்று அவன் யோசிக்கவில்லை. "என்னத்தான்" என்று கனி மெதுவாகக் கேட்டாள், "தூங்கிட்டீங்களா." இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் உடம்பு அசையும், இந்த அமைதி கெட்டுப்போகும் என்று தோன்றியது. கண்ணைத் திறக்காமல், தூங்குகிறவன் மாதிரியே இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தான்.